ஏழாம் படுக்கையின் ‘இல்லை’

பேருந்துகளிலிருந்து ஓட்டுநர்களை எடுத்துப் பதினோரு வருடமாகிவிட்டது. கண்டக்டர்களை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், மூன்றே மாதத்தில் வீடு தேடி வந்து திரும்பக் கூப்பிட்டார்கள். வண்டி தானாக ஓடும், தானாக நிற்கும், ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே டிக்கெட் போட்டுவிடும். ஆனால் படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளவும், பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் பிடித்துக் கொடுக்கவும், குடித்துவிட்டு ஏறியவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கவும் எந்த இயந்திரத்துக்கும் வாய் போதவில்லை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் தடத்தில் இருபத்து நாலு வருடமாக அந்த வேலையைப் பார்த்த பேராச்சிக்கு வாய் போதும். மிச்சமும் இருந்தது.

அந்த வாயோடுதான் இப்போது புறவழிச் சாலைப் புற்றுநோய் மருத்துவமனையில், பெண்கள் வார்டின் ஏழாம் படுக்கையில் கிடந்தாள். மலக்குடலில் புற்று. ஆசனவாய்க்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே. ஐம்பத்திரண்டு வயதில் இதுவும் வருமா என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டாக்டர் நயினார் முன்னால் உட்கார்ந்தாள்.

“கெட்டுப்போன துண்ட வெட்டி எடுத்துட்டு, மேல இருக்கிற குடலக் கீழ இழுத்து ஒட்டிருவோம். வழக்கம்போல போகலாம் வரலாம்” என்றார் நயினார்.

“ஒட்டு விட்டுப் போச்சுன்னா?”

எல்லா நோயாளிகளும் கடைசியில் கேட்கிற கேள்வியை இவள் முதலிலேயே கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது. “விட்டுப்போனா மலம் வயித்துக்குள்ள கசியும். இந்த ஆபரேஷன்ல எங்க எல்லாருக்கும் அதுதான் பயம். மூணாம் நாள்லேர்ந்து ஒரு வாரம் உஷாரா இருக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா ஆளக் காப்பாத்திரலாம். நேரம் போயிருச்சுன்னா கஷ்டம்.”

“யாரு கண்டுபிடிப்பா? நீங்களா?”

“துணை இருக்கும்மா. அது பாத்துக்கும்.”

துணை என்பது ஆள் இல்லை. குடலை ஒட்டிய இடத்தில் மெல்லிய வளையம் ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். அங்கே ரத்தம் ஓடுகிறதா, சூடு ஏறுகிறதா என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். படுக்கையின் தலைமாட்டில் ஒரு விளக்கு, ஒரு ஸ்பீக்கர், ஒரு கண். பச்சை எரிந்தால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். அந்தக் காலத்தில், இவ்வளவு கீழே ஒட்டியவர்களுக்கெல்லாம் பாதுகாப்புக்காக வயிற்றில் ஓட்டை போட்டு மாதக்கணக்கில் பை மாட்டி அனுப்புவார்களாம். துணை வந்த பிறகு அது குறைந்துவிட்டது. அதனால் பிழைத்தவர்களும் நிறைய. குறை சொல்வதற்கு முன் அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வளையம் சொல்வது மட்டும் துணைக்குப் போதாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அது வாயைத் திறந்து கேட்கும். அறுவைக்குப் பிறகு தூங்கிக் கிடக்கும் குடல் விழித்துக்கொண்டதா என்று தெரிய வேண்டுமே. வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல இனிமையான, எட்டு ஊருக்குக் கேட்கிற குரல்.

“வணக்கம். படுக்கை எண் ஒன்று. காற்றுப் பிரிந்ததா?”

வார்டில் எட்டுப் படுக்கைகள். நடுவே திரைச்சீலை கிடையாது, துணையின் கண்ணுக்கு மறைக்கிறது என்று கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டிலோரமும் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் யாராவது ஒருவர். கணவன், அண்ணன், சம்பந்தி, ஊரிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர். அத்தனை பேர் முன்னால் அந்தக் குரல் அப்படிக் கேட்டதும் ஒன்றாம் படுக்கை முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, “ஆச்சு” என்றது. இரண்டாம் படுக்கை, “ஆச்சு, ஆச்சு” என்றது. இப்படியே எட்டுவரை போகும். நடுவில் ஏழாம் படுக்கையில்தான் தடங்கல்.

“இன்னும் இல்ல” என்றாள் பேராச்சி, பேருந்தின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்.

அன்று இரண்டாம் நாள். விளக்கு மஞ்சளானது. யாரோ ஒரு சம்பந்தி சிரித்தார். பேராச்சி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கும் அவள் “இல்ல” என்றாள். விளக்கு சிவப்பானது. வயிற்றில் தையல் போட்ட இடத்து வலியைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் இல்லை. தாதி ஜெபசீலி கையைப் பிடித்து நடத்தியபோது தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல்வரை போய்த் திரும்பியிருந்தாள். அப்படியும் சிவப்பு.

ஒன்பது மணிக்கு நயினார் வந்தார். கையிலிருந்த பலகையில் துணை காட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றார். “பேராச்சியம்மா, சாயந்திரம் நாலு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் போட்டிருக்கு. ஒட்டு விட்டிருக்குன்னு துணை சொல்லுது. பிரிச்சு, மேல் குடல வயித்துக்கு வெளிய கொண்டாந்து பை வச்சிருவோம்.”

“பெறகு திரும்ப ஒட்டுவீயளா?”

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். “இவ்வளவு கீழ ஒட்டினத ஒரு தடவ பிரிச்சா, திரும்ப ஒட்டுறது கஷ்டம்மா. பை நிரந்தரமாத்தான் இருக்கும்.”

வார்டின் எட்டாம் படுக்கைக்காரம்மாளுக்குப் பை இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தம்மாள் பன்னிரண்டு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறாள், குறைச்சல் ஒன்றுமில்லை. பேராச்சிக்குப் பையைப் பார்த்து அருவருப்பு இல்லை. அது எதற்காக வருகிறது என்பதைத்தான் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

“டாக்டர், எனக்கு நல்லாத்தான் இருக்கு. என் வயித்துல கைய வச்சுப் பாத்தீயளா?”

“துணை பாக்கிறத விடவாம்மா என் கை பாக்கப் போகுது?”

“அது பாக்கலியே, கேட்டுட்டுல்லா சொல்லுது! காத்து போகலன்னு உள்ளதச் சொன்னேன், சிவப்பு எரியுது. பை வேணும்னா வச்சுக்கிடுதேன் டாக்டர். தேவையிருந்தா நாளைக்கே வைங்க. உண்மை சொன்னதுக்குத் தண்டனையா வச்சா, செத்தாலும் ஒத்துக்கிட மாட்டேன்.”

சுற்றிலும் ஸ்டூல்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நயினார் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு சிவப்ப நான் மாத்தி எழுதினேன். ஒண்ணுமில்ல, நாளைக்குப் பாக்கலாம்னு. அந்தம்மா பொழைக்கல. அதுக்கப்புறம் நான் எதையும் மாத்தி எழுதுறதில்ல. நீங்க கையெழுத்துப் போடாட்டா என்னால கட்டாயப்படுத்த முடியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க.”

அவர் போய்விட்டார். பேராச்சிக்கு அவர்மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

மதியம் ஒன்றேகால் மணிக்கு ஜெபசீலி மருந்து ஏற்ற வந்தாள். முப்பது வயதுக்காரி. வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் பயம். குனிந்து குழாயைச் சரிசெய்வதுபோலக் காதருகே சொன்னாள். “யக்கா, ரெண்டு மணிக்குக் கேக்கும்போது ஆச்சுன்னு சொல்லிருங்க. உடனே மஞ்சளாயிரும், ராத்திரிக்குள்ள பச்சையாயிரும். தியேட்டரும் தானா ரத்தாயிரும்.”

“ஆகலியேட்டி.”

“யாருக்குக்கா ஆச்சு? இங்க எல்லாரும் மொத நாளே ஆச்சுன்னுதான் சொல்லுவாவ. மாமனார் முன்னாடி, மருமகன் முன்னாடி வேற என்னத்தச் சொல்ல? ரெண்டு நாள் கழிச்சு நெசமாவே ஆயிரும். யாருக்கும் நட்டமில்ல.”

“அப்பம் அந்தப் பொட்டி எல்லாத்தையும் நம்புதா?”

ஜெபசீலி வாசலைப் பார்த்துக்கொண்டாள். “அது மொதல்ல படிச்சது ஆம்பள வார்டு நோட்டக்கா. அவியளுக்கு இதுல என்ன வெக்கம்? போச்சுன்னா போச்சும்பாவ, இல்லன்னா இல்லம்பாவ. அதனால வளையம் சொல்லுறத விட அந்தப் பதிலுக்கு மார்க்கு அதிகம். காத்து போச்சுன்னு சொல்லிட்டா நாடி வேகமா அடிச்சாலும் பயத்துல அடிக்குன்னு எடுத்துக்கிடும்.”

“சரி. இல்லன்னு சொன்னா ஏன் ஒரேயடியா சிவப்பு?”

“அது இங்க வந்து படிச்சது.” ஜெபசீலியின் குரல் இன்னும் இறங்கியது. “அஞ்சு வருசத்துல இந்த வார்டுல மூணாம் நாள் இல்லன்னு சொன்ன பொம்பளைங்க நாலே நாலு பேருதான். வெக்கப்படக்கூட சீவன் இல்லாம கெடந்தவிய. நாலு பேருக்கும் ஒட்டு விட்டுப் போயிருந்துச்சு. அதுலேர்ந்து துணைக்கு, பொம்பள இல்லன்னு சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

வெட்கமே இல்லாதவளைத் துணை இதுவரை பார்த்ததில்லை. ஒரு பொய்யைச் சொன்னால் தப்பித்துவிடலாம். ஒரு சொல், அவ்வளவுதான். நான்கு மணிக்கு யாரும் கூப்பிட வர மாட்டார்கள். அடுத்த மாதம் பேருந்தில் ஏறிவிடலாம். அவளும் மனுஷிதானே, ஆசையாகத்தான் இருந்தது. சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டுத் திரும்பிப் படுத்தபோதுதான் ஆறாம் படுக்கையைப் பார்த்தாள்.

ஆறாம் படுக்கையில் தங்கபுஷ்பம் இருந்தாள். முப்பத்தாறு வயது, நான்காம் நாள். புருஷன் கப்பல் வேலையில் இருந்ததால் மாமனார்தான் கூட இருக்க வந்திருந்தார். நல்ல மனிதர். காலையிலிருந்து இரவுவரை ஸ்டூலை விட்டு நகராமல் செய்தித்தாள் படிப்பார், மருமகளுக்கு ஈ ஓட்டுவார். நேற்று பக்கத்துப் படுக்கையோடு ரகசியமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் இன்று முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். விக்கல் நிற்கவில்லை. போர்வைக்கு மேலேயே வயிறு உப்பித் தெரிந்தது. நெற்றி வேர்த்திருந்தது. தலைக்கு மேலே விளக்கு மட்டும் பச்சைப் பசேலென்று எரிந்தது.

பேராச்சி கையை நீட்டி அவள் விரலைத் தொட்டாள். “ஏட்டி, ஒனக்கு நெசமா ஆச்சா?”

தங்கபுஷ்பம் மாமனார் பக்கம் கண்ணை ஓட்டினாள். பிறகு தலையை லேசாக, இல்லை என்று ஆட்டினாள்.

“வலிக்கா?”

கண்ணோரம் நீர் இறங்கியது. அதுதான் பதில்.

பேராச்சி ஜெபசீலியைச் சைகை காட்டி அழைத்தாள். ஜெபசீலி கை நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நிமிடத்துக்கு நூற்றிருபது. “காலையிலேயும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ எழுதிப் போட்டேன்க்கா. பச்சைக்கு டாக்டர் வரமாட்டாவ. மூணு மாடிக்கு ஒத்த டாக்டரு, சிவப்புக்குத்தான் ஓடுதாவ.”

“இவளையும் இல்லன்னு சொல்லச் சொன்னா?”

“இவ்வளவு நாள் ஆச்சுன்னுட்டு இப்பம் இல்லன்னா, தப்பா கேட்டுருச்சுன்னு எடுத்துக்கிட்டு மஞ்சளோட அடுத்த கேள்விவரைக்கும் காத்திருக்கும். சாயந்திரம் ஆறு மணியாயிரும்.” ஜெபசீலிக்கு அழுகை வந்துவிட்டது. “அவ்வளவு நேரம் தாங்குவாளான்னு தெரியலக்கா.”

இப்போது கணக்கு மாறிவிட்டது. பேராச்சி பொய் சொன்னால் அவள் தப்பிப்பாள், ஆறாம் படுக்கையின் பொய்யும் பத்திரமாக இருக்கும். வார்டில் எட்டுப் பச்சை எரியும். டாக்டர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

“எத்தன தியேட்டர் இருக்கு?”

“ரெண்டு.”

“அப்பம் எல்லாரையும் வெட்ட முடியாதுல்லா? ஒரே நேரத்துல வார்டு முழுக்கக் கோளாறா எரிஞ்சா அந்தப் பொட்டி என்ன செய்யும்?”

ஜெபசீலி யோசித்தாள். “மூணு பேருக்கு மேல ஒண்ணா நெறம் மாறினா அதுக்கே சந்தேகம் வந்துரும். மிஷினு பழுதுன்னு மணி அடிக்கும். மணி அடிச்சா டாக்டரே நேர்ல வந்து ஒவ்வொருத்தரையும் கையால பாக்கணும்னு சட்டம்.” சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. “யக்கா, என் வேல போயிரும்.”

“நீ ஒண்ணும் செய்யாண்டாம். கதவுகிட்ட போய் நின்னுக்கோ.”

பேராச்சி ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

“ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க! பாக்க வந்தவிய, பக்கத்துல இருக்கிறவிய, பழம் கொண்டாந்தவிய, எல்லாரும். கால் மணி நேரம்தான். ம், நகருங்க நகருங்க, வழியில நிக்காதீய!”

தென்காசி வண்டியில் அறுபது பேரை நகர்த்திய குரல். என்ன ஏது என்று கேட்கத் தோன்றுவதற்குள் ஸ்டூல்கள் காலியாகிவிட்டன. தங்கபுஷ்பத்தின் மாமனார் மட்டும் வாசலில் தயங்கினார். “எங்க பிள்ளைய நான்தானே பாக்கணும்?”

“ஒங்க பிள்ளைக்காகத்தான் போகச் சொல்லுதேன். ஒங்க முன்னால அதுக்கு வாய் வரல.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “நான் ஒண்ணும் சொன்னதே இல்லியேம்மா” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். ஜெபசீலி கதவைச் சாத்தி முதுகை வைத்து நின்றுகொண்டாள். வேலை போனால் போகட்டும் என்று தீர்மானித்துவிட்ட முகம்.

பேராச்சி நடுவில் நின்று பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. “எனக்கு வெக்கம் கெடையாதுன்னு நெனைக்காதீய. எம் பையன் கோயமுத்தூர்ல கெடக்கான், கட்டில் பக்கத்துல எனக்கு யாரும் இல்ல, அதான் என் வாய் நீளுது. ஆனா நாம எல்லாரும் சொல்லுற பொய்ய இது படிச்சு வச்சிருக்கு. அதனால எனக்கு நல்லா இருக்கையில வயித்தக் கிழிக்கப் போவுது. அந்தப் பிள்ளைக்கு உள்ள கசியுது, அதுக்குப் பச்சை எரியுது. இன்னைக்கு ஒரு தடவ உள்ளதச் சொல்லுங்க.”

ஐந்தாம் படுக்கையிலிருந்து ஒரு குரல் மட்டும் பரிதாபமாக வந்தது. “எனக்கு நெசமாவே ஆயிருச்சேக்கா, நான் என்ன செய்ய?”

“ஆச்சுன்னா ஆச்சுன்னு சொல்லு தாயி! ஒன்னய யாரு பொய் சொல்லச் சொன்னா?”

இரண்டு மணி அடித்தது. “வணக்கம். படுக்கை எண் ஒன்று. காற்றுப் பிரிந்ததா?”

“ஆச்” என்று தொடங்கிய ஒன்றாம் படுக்கை நிறுத்தியது. வயதான டீச்சரம்மா. ஒரு பெருமூச்சு விட்டு, வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாக, “இல்லை. இதுவரைக்கும் இல்லை” என்றது. இரண்டாம் படுக்கை, “இல்ல.” மூன்றாம் படுக்கை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “இல்ல, போ!” நான்காம் படுக்கை, “இல்ல, வயிறு கல்லாட்டம் இருக்கு.” ஐந்தாம் படுக்கை கொஞ்சம் பெருமையாகவே, “ஆச்சு” என்றது.

“படுக்கை எண் ஆறு. காற்றுப் பிரிந்ததா?”

தங்கபுஷ்பத்தின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. துணை மறுபடி கேட்டது. பேராச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அவள்தான்.

“இல்ல” என்றாள் தங்கபுஷ்பம். பிறகு, நான்கு நாள் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. “இல்ல, ஒரு தடவகூட இல்ல! வலிக்கி. தோள்பட்டை வரைக்கும் வலிக்கி. நேத்து ராத்திரிலேர்ந்து வலிக்கி, என்னால முடியல, யாராவது வாங்களேன்!”

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறின. எங்கோ மணி அலறத் தொடங்கியது.

நயினார் ஓடித்தான் வந்தார். கதவைத் திறந்ததும் நின்று மேலே பார்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக வார்டு திருவிழாப் பந்தல் போல இருந்தது. கையிலிருந்த பலகை ‘பழுது’ என்ற ஒரே சொல்லைக் காட்டியது. அதை மேசையில் வைத்துவிட்டார். வைத்த பிறகு அந்தக் கைகளுக்கு என்ன வேலை என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை.

“ஆறுலேர்ந்து ஆரம்பிங்க டாக்டர்” என்றாள் பேராச்சி.

அவர் தங்கபுஷ்பத்தின் வயிற்றில் கை வைத்தார். மெல்ல அழுத்தி எடுத்தார். எடுக்கும்போது அவள் அலறிய அலறலில் வெளியே மாமனார் கதவைத் தட்டினார். நயினார் அவள் நாடியைத் தன் விரலால் எண்ணினார். பிறகு நிமிர்ந்து ஜெபசீலியிடம் சொன்னதில் தடுமாற்றமே இல்லை. “நாலு மணித் தியேட்டர இப்பவே திறக்கச் சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்கு.”

அவளைத் தள்ளிக்கொண்டு போன பிறகும் அவர் போகவில்லை. மயக்க மருந்து கொடுத்து முடிக்கும்வரை இருந்த இருபது நிமிடத்தில் மற்றவர்களைக் கையால் பார்த்தார். பேராச்சியின் வயிறு மெத்தென்று இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். குடல் விழித்துக்கொண்டு குடுகுடுவென்று உருண்டுகொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல. எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு எடுத்திருவோம்.” தலைமாட்டுச் சிவப்பை அணைத்துத் தன் பெயரைப் போட்டு மாற்றி எழுதினார். “மணிக்கு ஒரு தடவ நானே வந்து பாக்கேன்.”

ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பேராச்சிக்குக் காற்றுப் பிரிந்தது. வார்டு முழுக்கக் கேட்டது, எட்டாம் படுக்கை கையே தட்டியது. தங்கபுஷ்பம் நான்கு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள். அவளுக்குப் பை வைத்தாயிற்று. அது அவளுக்குத் தேவையாக இருந்தது. இன்னும் ஆறு மணி நேரம் போயிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது என்று நயினார் சொன்னார். மாமனார் பேராச்சியின் கட்டிலருகே வந்து நின்று அழுதார். அன்றிலிருந்து கேள்வி நேரத்தில் அவராகவே எழுந்து வெளியே போனார். மற்ற ஸ்டூல்காரர்களையும் கிளப்பிக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் பேராச்சி வீட்டுக்குப் புறப்பட்டாள். நயினார் வந்து காலியான ஸ்டூலில் உட்கார்ந்தார். “நேரா ஒரு விஷயம் சொல்லிர்றேன். ஒரு வருசத்துக்கு அடிக்கடி போகணும்னு இருக்கும். சில நாள் பத்துத் தடவ. அடக்கவும் கஷ்டமா இருக்கும். பஸ்ஸுல நிக்கிற வேல...”

“பத்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறைல வண்டிய நிப்பாட்டச் சொல்லி டெப்போவுல கேப்பேன். எனக்கு மட்டுமா, சர்க்கரைக்காரனும் பிள்ளைத்தாய்ச்சியும் சேந்துல்லா எறங்குவாவ. குடுக்காம எங்க போவாவ?”

அவர் சிரித்தார். பிறகு துணையைச் செய்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்ததைச் சொன்னார். அன்றைய இரண்டு மணிப் பதில்கள் நம்பத்தகாதவை, நீக்க ஒப்புதல் தரவும் என்று எழுதியிருந்தார்களாம். “நான் ஒப்புதல் குடுக்கல. அஞ்சு வருசத்து ‘ஆச்சு’கள நீக்குங்கன்னு பதில் எழுதிட்டேன். இனிமே திரை போட்டு, சிஸ்டர் காதோட கேப்பாங்க. நல்லவேளை, ஆம்பள வார்டு நோட்டாவது சுத்தமா இருக்கு.”

“அவியகிட்ட காத்து மட்டும்தான் கேக்குதா?”

“இல்ல. மூணு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு வருவாங்கல்ல, அப்ப வேற கேள்வி. நாங்க வெட்டுற இடத்துக்கு ஒட்டித்தான் அந்த நரம்பெல்லாம் ஓடுது. ஒண்ணுக்குப் போறதுக்கு உள்ள நரம்பு, அப்புறம்...” டாக்டராக இருந்தும் அவருக்கே கொஞ்சம் தயக்கம் வந்தது. “வீட்டுக்காரியோட சேர்றதுக்கு உள்ளது. கத்தி பட்டா அது போயிரும். அதப்பத்திக் கேக்கும்.”

“எங்க வச்சு?”

“கீழ ஹால்ல. ஒரு மெஷின் இருக்கு.”

“சத்தமாவா?”

“ஆமா.”

“பக்கத்துல யாரு இருப்பா?”

“கூட வந்தவங்க. பொண்டாட்டி, மகன், மரும...” நயினாரின் பேச்சு நின்றது.

அவர் பலகையை எடுத்தார். எதையோ தேடினார். பேராச்சி அவசரப்படுத்தவில்லை. அவர் நெற்றியில் வேர்வை அரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுநூத்திப் பன்னண்டு பேர்” என்றார் கடைசியில். “அஞ்சு வருசத்துல. அத்தன பேரும் ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. பத்துல மூணு பேருக்காவது இருக்கணும்மா. எந்த ஊர்லயும் இருக்கும். நான் என் கை சுத்தம்னு நெனச்சுட்டேன்.” எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். “அந்தப் பதில வச்சுத்தான் துணை எனக்குத் தியேட்டர்ல கோடு போட்டுக் குடுக்குது, இதுவரைக்கும் வெட்டலாம்னு. நரம்புக்கு எவ்வளவு பக்கத்துல போறமோ அவ்வளவுக்கு நோய் மிச்சம் இருக்காது. யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னுதானே அதுக்குத் தெரியும்? வருசா வருசம் கோட்டப் பக்கத்துல கொண்டுபோயிருக்கு. நானும் அந்தக் கோட்டுலயே வெட்டியிருக்கேன்.”

பேராச்சிக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை நினைத்தபோது இன்னும் அதிகமாக இருந்தது.

“மறுபரிசோதனை என்னைக்கு?”

“இன்னைக்குத்தான். கீழ பதினாலு பேர் ஒக்காந்திருக்காங்க.”

பேராச்சி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். “வாங்க. பொம்பளைங்கள எட்டு பேரையும் ஒண்ணா சொல்ல வச்சேன், அன்னைக்கு வேற வழியில்ல. ஆம்பளைங்க அப்படிச் சொல்லமாட்டாவ. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடுங்க, மிஷின அணைங்க, கதவச் சாத்துங்க. மொதல்ல நீங்க தப்பு பண்ணினதச் சொல்லுங்க. பெறகு அவிய சொல்லுவாவ. ஒரு பய உள்ள வராம நான் வெளிய நின்னுக்கிடுதேன்.”

“நீங்க வீட்டுக்குப் போகணுமேம்மா.”

“வீடு எங்கன ஓடிப் போவுது?”

கீழே, முதல் ஆள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்துக்குச் சத்தமே இல்லை. பேராச்சி கதவுக்கு முதுகைக் காட்டி, கால் வலிக்க நின்றாள். பிறகு உள்ளே யாரோ பேசத் தொடங்கினார்கள். அவள் காது கொடுக்கவில்லை. பிளாஸ்கும் கையுமாக ஒரு பெண் வந்தாள். கதவைத் தள்ளப் போனவளைக் கையால் மறித்தாள்.

“உள்ள என்னக்கா நடக்கு? எங்க வீட்டுக்காரர் போயி முக்கால் மணி நேரமாச்சு. எப்பவும் ரெண்டு நிமிசத்துல வந்துருவாவ.”

“உண்மையப் பேசிட்டு இருக்காரும்மா” என்றாள் பேராச்சி. “கொஞ்சம் நேரமாவும். ஒக்காரு.”